உடைந்த பாலத்தை வரைந்தவர்

இத்தாலியின் வடபகுதியில் உள்ள டியூரின் நகரை ஒட்டிப் போ என்னும் பேராறு ஓடுகிறது. 1745-ஆம் ஆண்டில் அவ்வாற்றைக் கடக்க அங்கே ஒரு பழைய கற்பாலம் இருந்தது. இருந்தது என்பதைவிட எஞ்சியிருந்தது என்பதே பொருந்தும். அதன் வளைவுகளுள் சில இடிந்து ஆற்றுக்குள் விழுந்துவிட்டன. இடிந்த இடங்களில் மரச்சட்டங்களைப் பொருத்தி வழியமைத்திருந்தனர். அந்த ஒட்டுப்போட்ட பாலத்தின்மீதே மக்கள் நகருக்குள் வந்து சென்றனர்.

அவ்வாண்டில் அந்நாட்டு அரசர் மூன்றாம் கார்லோ இமானுவேலே தம் நகரை வரைந்து தருமாறு வெனிசு நகரத்து இளைஞர் ஒருவரைப் பணித்தார். இளைஞர் இரண்டு ஓவியங்கள் தீட்டினார். ஒன்று, கோட்டைச் சுவர்ப் பக்கமிருந்து காணும் அரண்மனை. மற்றொன்று, உடைந்த பாலமும் ஆறும். அரசருக்காக வரையும் ஓவியத்தில் சிதைந்த பாலத்தைச் செம்மையாக்கிக் காட்டுவது எளிது. அவ்வாறு செய்திருந்தால் யாரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கல் பெயர்ந்த இடம், மரம் தாங்கும் இடம், நீரில் விழும் தூணின் நிழல் ஆகிய அனைத்தையும் உள்ளது உள்ளபடியே வரைந்தார். அரண்மனைச் சுவருக்குக் காட்டிய அதே பொறுமையை இடிபாட்டுக்கும் காட்டினார். அந்தப் பாலம் இன்று இல்லை. அவ்விடத்தில் வேறொரு பாலம் நிற்கிறது. பழைய பாலம் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் டியூரினின் சபாவுதா ஓவியக்கூடத்தில் உள்ள அந்த ஓவியத்தின்முன் சென்று நிற்கின்றனர்.

அவ்விளைஞரின் பெயர் பெர்னார்டோ பெல்லோட்டோ.

தாய்மாமனின் பட்டறை

பெல்லோட்டோ 18-ஆம் நூற்றாண்டின் இருபதுகளின் தொடக்கத்தில் வெனிசு நகரில் பிறந்தார். தாயார் பியொரென்சா, தந்தை லொரென்சோ. தாயின் தந்தை நாடக மேடைகளுக்குத் திரைக்காட்சி தீட்டியவர். தாயின் உடன்பிறந்தவரோ அக்கால ஐரோப்பா முழுவதும் அறிந்த ஓவியர். அவருடைய இயற்பெயர் ஜியோவன்னி அந்தோனியோ கனால். உலகம் அவரைக் கனலெட்டோ என்றே அழைத்தது.

வெனிசு நீரின்மேல் எழுந்த நகரம். அங்கே தெருக்களின் இடத்தில் கால்வாய்களும் வண்டிகளின் இடத்தில் படகுகளும் இருந்தன. ஐரோப்பியச் செல்வர்களின் பிள்ளைகள், குறிப்பாக ஆங்கிலேயப் பிரபுக்களின் மைந்தர்கள், கல்வியின் நிறைவாக இத்தாலிக்குச் சுற்றுப்பயணம் வருவது அந்நாளைய வழக்கம். அவர்கள் ஊர் திரும்பும்போது வெனிசின் காட்சியொன்றை வாங்கிச் செல்ல விரும்பினர். ஒளிப்படம் தோன்றாத காலம் அது. நகரக்காட்சி ஓவியம் என்னும் கலை அத்தேவையால் வளர்ந்தது. அக்கலையின் தலைமகனாகக் கனலெட்டோ விளங்கினார்.

பெல்லோட்டோ பதின்பருவத்தின் தொடக்கத்திலேயே தாய்மாமனின் பட்டறையில் சேர்ந்தார். வண்ணம் அரைப்பது, கித்தானை இழுத்துக் கட்டுவது, மாமன் வரைந்த கோட்டுப்படங்களைப் பார்த்துப் படியெடுப்பது என்று அவர் பயிற்சி வளர்ந்தது. 1738-இல், பதினாறு பதினேழு வயதிலேயே, வெனிசு ஓவியர் சங்கத்தில் அவர் பெயர் பதிவாயிற்று. மாமனின் கைத்திறத்தை அவர் எவ்வளவு முழுமையாகப் பற்றிக்கொண்டார் என்பதற்கு ஒரு சான்று போதும்: அக்காலத்துப் படங்கள் சிலவற்றை வரைந்தவர் மாமனா மருகனா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர்.

அப்பட்டறையில் ஒரு கருவி இருந்தது. மரத்தாலான இருட்டுப்பெட்டி அது. அதன் ஒரு பக்கத்தில் வில்லை பொருத்திய சிறு துளை இருக்கும். வெளியே உள்ள கட்டடத்தின் ஒளி அத்துளை வழியே புகுந்து, கண்ணாடியில் பட்டு, தாளின்மேல் அக்கட்டடத்தின் உருவமாக விழும். ஓவியர் அவ்வுருவத்தின்மீது கரிக்கோலால் கோடிழுத்துக்கொள்ளலாம். இன்றைய ஒளிப்படக் கருவியின் மூதாதை என்று அதனைக் கூறலாம். ஆயினும் பெட்டி படத்தை வரைந்துவிடாது. ஓர் இடத்திலிருந்து பார்த்தால் கோபுரம் நன்றாகத் தெரியும்; ஆற்றின் வளைவு தெரியாது. இன்னோர் இடத்திலிருந்து வளைவு தெரியும்; கோபுரம் மறையும். பல இடங்களில் அமர்ந்து எடுத்த கோடுகளை ஒன்றாக இணைத்து, ஒரே இடத்தில் நின்று ஒரே நொடியில் கண்டது போன்ற காட்சியைப் படைப்பது ஓவியரின் அறிவு செய்யும் வேலை. பெல்லோட்டோ அதில் வல்லவரானார்.

வண்ணத்தில் மட்டும் அவர் மெல்ல மாமனிடமிருந்து விலகினார். மாமனின் வெனிசில் பொன்வெயில் காயும். மருகனின் வெயிலில் சற்றுக் குளிர்ச்சி உண்டு. நிழல்கள் கருத்து அடர்ந்திருக்கும். வானம் வெள்ளியும் நீலமுமாக விரியும். சுவர்களின் காரை உதிர்ந்த இடங்களைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும்.

ஆறுகளும் பாலங்களும்

1741-இல் பெல்லோட்டோவுக்குத் திருமணம் ஆயிற்று. அடுத்த ஆண்டு உரோமைக்குச் சென்று, தைபர் ஆற்றங்கரையையும் பழம்பேரரசின் இடிபாடுகளையும் வரைந்தார். பிறகு லொம்பார்டிப் பகுதிக்குப் போனார். அங்கே கசாதா என்னும் சிற்றூரை வரைந்த ஓவியங்கள் இன்று மிலானில் உள்ளன. பெருமாளிகைகளை வரைந்து பழகிய கை, ஓடு வேய்ந்த கிராமத்து வீடுகளை அவ்வளவு பரிவுடன் வரைந்திருப்பது வியப்பளிக்கும். மாமனின் தூரிகை இத்தகைய எளிய ஊரை நாடிச் சென்றதாகத் தெரியவில்லை.

டியூரினின் உடைந்த பாலம் இப்பயணத்தின்போதே உருவாயிற்று. அதையடுத்து வெரோனா நகரில் அடிஜே ஆற்றின்மீது நின்ற ‘நாவி’ பாலத்தை வரைந்தார். நடுவே காவற்கோபுரம் எழுந்த கம்பீரமான பழம்பாலம் அது. ஓவியம் முடிந்து பத்தாண்டுகள் கடந்தபின், 1757-இல், அடிஜே பெருக்கெடுத்து அப்பாலத்தைத் தகர்த்தது. உடைந்த பாலத்தை ஓரிடத்தில் வரைந்தார். உடையப்போகும் பாலத்தை மற்றோரிடத்தில் அறியாமலே வரைந்தார்.

1746-இல் கனலெட்டோ இலண்டனுக்குச் சென்றார். மறு ஆண்டு பெல்லோட்டோவும் வெனிசை விட்டுப் புறப்பட்டார். அவருக்கு அழைப்பு வந்தது செருமனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து. அழைத்தவர் சாக்சனி நாட்டின் ஆட்சியாளரும் போலந்தின் அரசருமான மூன்றாம் அகஸ்டஸ். மனைவியுடனும் சிறுவனான மகனுடனும் ஆல்ப்சு மலையைக் கடந்த பெல்லோட்டோ, அதன்பின் வெனிசுக்குத் திரும்பி வாழவே இல்லை.

எல்பெ ஆற்றங்கரை

எல்பெ ஆற்றின் இருகரையிலும் அமைந்த டிரெஸ்டன், அப்போது தன் பொலிவின் உச்சியில் இருந்தது. முந்தைய அரசர் காலத்தில் எழுந்த அரண்மனைகள், கல்மணி கவிழ்த்தாற்போன்ற குவிமாடம் உடைய பிரவுன்கிர்க்கெ தேவாலயம், ஆற்றைப் பல வளைவுகளால் தாண்டிச் செல்லும் அகஸ்டஸ் பாலம் ஆகியவை நகருக்கு அழகூட்டின. 1748-இல் பெல்லோட்டோ அரசவை ஓவியராக அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கு 1,750 தாலர் வெள்ளி ஊதியம் அறுதியிடப்பட்டது. அவ்வரசவையில் எந்த ஓவியரும் அதுவரை பெறாத தொகை அது.

அவ்வாண்டு அவர் வரைந்த ஓவியம் ஒன்றே அவர் பெயரை நிலைநிறுத்தப் போதுமானது. எல்பெயின் வலக்கரையில், பாலத்துக்குக் கீழ்ப்புறம் நின்று அவர் நகரைப் பார்க்கிறார். இடப்பக்கம் அகஸ்டஸ் பாலம் நீண்டு செல்கிறது. எதிரே பிரவுன்கிர்க்கெயின் குவிமாடம். வலப்பக்கம் அரசவைத் தேவாலயம். அதன் கோபுரம் இன்னும் முடியவில்லை. கோபுரத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தையும் அவர் விடாமல் வரைந்திருக்கிறார். ஆற்றுநீர் அசைவின்றிக் கிடக்கிறது. கட்டடங்கள் அதில் தலைகீழாக நிற்கின்றன. முன்னே புல்வெளியில் சிலர் நின்று பேசிக்கொண்டிருக்கின்றனர். ஏறத்தாழ எட்டடி அகலமுள்ள அக்கித்தானில், தொலைவிலுள்ள சாளரங்களைக்கூட எண்ணலாம்.

டிரெஸ்டனை அவர் பதினான்கு காட்சிகளாக வரைந்தார். அருகிலுள்ள பிர்னா என்னும் சிறுநகரை மேலும் பதினொரு காட்சிகளாக வரைந்தார். அரசருக்கு வரைந்தவற்றை அதே அளவில் மறுபடியும் வரைந்து தருமாறு முதலமைச்சர் புரூல் பிரபு கேட்டார். அவருக்கென்று இருபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் உருவாயின. அவற்றுக்குரிய பணம் மட்டும் வரவில்லை. இவற்றோடு செம்புத்தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து, அச்சிட்டெடுக்கும் படங்களையும் பெல்லோட்டோ செய்தார். கித்தான் ஓவியம் அரண்மனைச் சுவருக்கு மட்டுமே உரியது. அச்சுப்படமோ பலர் கைக்கும் செல்லும்.

அவற்றில் அவர் ‘கனலெட்டோ எனப்படும் பெர்னார்டோ பெல்லோட்டோ’ என்று தம் பெயரைப் பொறித்தார். மாமனின் புகழ் பெற்ற பெயரை அவர் வைத்துக்கொண்டது அக்காலச் சந்தையில் பயன் தந்தது. பிற்காலத்தில் அதுவே அவருக்கு இழப்பாகவும் முடிந்தது. செருமனியிலும் போலந்திலும் கனலெட்டோ என்றால் இன்றும் பெல்லோட்டோவையே குறிப்பதுண்டு. பிற நாடுகளில் கனலெட்டோ என்றால் மாமன் மட்டுமே. மருகன் அவருடைய நிழலில் நீண்டகாலம் மறைந்து கிடந்தார்.

தீக்கிரையான வீடு

1756-இல் பிரசியாவின் அரசர் இரண்டாம் பிரெடெரிக் சாக்சனிமீது படையெடுத்தார். ஏழாண்டுப் போர் தொடங்கிற்று. மூன்றாம் அகஸ்டசும் புரூலும் போலந்தின் வார்சா நகருக்குச் சென்றுவிட்டனர். அரசவை கலைந்தது, ஊதியம் நின்றது. எல்பெக்கரையின் கோனிக்ஸ்டைன் மலைக்கோட்டையை ஐந்து பெரிய ஓவியங்களாகத் தீட்டுமாறு அரசர் கேட்டிருந்தார். தீட்டிய ஓவியங்கள் அவரைச் சென்றடையவில்லை. அவ்வைந்தும் காலப்போக்கில் பிரித்தானியாவுக்குப் போயின.

பிழைப்புக்காகப் பெல்லோட்டோ வியன்னாவுக்குச் சென்று, பேரரசி மரியா தெரசாவுக்காக அந்நகரையும் அதன் அரண்மனைகளையும் வரைந்தார். அவர் அங்கே இருந்த காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. 1760 சூலையில் பிரசியப் படை டிரெஸ்டனைப் பீரங்கிகளால் தாக்கியது. நகரின் பெரும்பகுதி எரிந்தது. பிர்னா வாயிலுக்கு வெளியே இருந்த புறநகரில் பெல்லோட்டோவின் வீடும் எரிந்தது. ஓவியங்கள், நூல்கள், தட்டுமுட்டுப் பொருள்கள் என்று பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை போயின.

மியூனிக் நகரில் சில காலம் பணியாற்றிவிட்டு அவர் டிரெஸ்டனுக்குத் திரும்பினார். பதினைந்து ஆண்டுகளுக்குமுன் அவர் சாளரம் சாளரமாக எண்ணி வரைந்த நகரம் கற்குவியலாகக் கிடந்தது. இவ்விடத்தில் வேறொருவர் தூரிகையைக் கீழே வைத்திருக்கலாம். அல்லது பழைய டிரெஸ்டனை நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் வரைந்து விற்றிருக்கலாம். பெல்லோட்டோ தம் வீடிருந்த புறநகருக்குச் சென்று அதன் இடிபாடுகளை வரைந்தார். கூரையிழந்த சுவர்களும் வெற்று வானம் தெரியும் சாளரத் துளைகளும் வரிசையாக நிற்கும் அவ்வோவியம் இன்று பிரான்சின் துருவா நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் ஆத்திரம் இல்லை, அழுகை இல்லை. டியூரினின் பாலத்தைப் பார்த்த அதே கண் தன் தெருவையும் பார்த்திருக்கிறது.

இதனினும் ஆழ்ந்து பதிவது ‘கிராய்ஸ்கிர்க்கெ’ தேவாலயத்தின் இடிபாட்டை அவர் வரைந்த ஓவியம். பீரங்கித் தாக்குதலில் தேவாலயம் எரிந்தபின் அதன் பழைய கோபுரம் மட்டும் நின்றது. புதிய தேவாலயம் எழுப்பும் வேலை தொடங்கியிருந்தபோது, 1765 சூனில், கோபுரத்தின் ஒரு பாதி சரிந்து விழுந்தது. மறு பாதி, பிளந்த மரம்போல் உள்வயிறு தெரிய நின்றது. பெல்லோட்டோ அதனை வரைந்தார். பிளந்த கோபுரத்தின் அடியில் மலைபோல் குவிந்த கற்கள். அவற்றிடையே எறும்புகள்போல் வேலையாட்கள். வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் நகரத்தார். சுற்றிலும் பிழைத்து நிற்கும் வீடுகள். அழிவையும் மறுகட்டுமானத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த ஓவியம் அது. ஐரோப்பியர் அந்நாளில் இடிபாடுகளை விரும்பி வரைந்தனர் என்பது உண்மையே. ஆனால் அவை பெரும்பாலும் பழங்கால உரோமையின் இடிபாடுகள், கொடி படர்ந்தவை, கண்ணுக்கு இனியவை. நேற்று வரை மணியடித்த கோவிலின் இடிபாட்டை, தூசி அடங்குவதற்குள் வரைந்தவர் அரியர்.

போர் 1763-இல் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மூன்றாம் அகஸ்டசு இறந்தார். அதே மாதத்தில் புரூலும் இறந்தார். ஆதரவாளர் இருவரையும் ஒருசேர இழந்த பெல்லோட்டோவுக்கு, 1764-இல் தொடங்கப்பட்ட ஓவியக் கல்விக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அருகிலுள்ளவை பெரிதாகவும் தொலைவிலுள்ளவை சிறிதாகவும் தோன்ற வரையும் முறையை மாணவர்க்குக் கற்பிக்கவேண்டும். ஊதியம் 600 தாலர். முன்பு பெற்றதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. புராணக் கதைகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் வரைவதே உயர்ந்த கலை, நகரக்காட்சி வரைவது கீழ்ப்படியைச் சேர்ந்தது என்று அக்காலக் கல்விக்கழகங்கள் எண்ணின.

ஏறத்தாழ அக்காலத்தில் அவர் வரைந்த கற்பனைக் காட்சி ஒன்றுண்டு. வானளாவும் தூண்களும் படிக்கட்டுகளும் உள்ள மாளிகை. அதன்முன் வெனிசுப் பெருமகனுக்குரிய செந்நிற ஆடையில் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறார். அவர் பெல்லோட்டோவேதான். வீடிழந்து, ஊதியம் குறைந்து, மதிப்பும் குன்றியிருந்த நாளில் அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட உடை அது.

விஸ்துலாவின் கரையில்

1766-இன் இறுதியில் அவர் விடுப்புப் பெற்று, மகன் லொரென்சோவுடன் டிரெஸ்டனை விட்டுப் புறப்பட்டார். இரசியப் பேரரசி இரண்டாம் காத்தரீனின் தலைநகரான செயின்ட் பீட்டர்சுபர்க் அவர் இலக்கு. வழியில் வார்சாவில் தங்கினார். போலந்தின் புதிய அரசர் ஸ்தானிஸ்லாவ் அகஸ்ட் பொனியாத்தோவ்ஸ்கி கலைகளில் பற்றுமிக்கவர். வழிப்போக்கராக வந்தவரை அவர் விடவில்லை. 1768-இல் பெல்லோட்டோ வார்சாவின் அரசவை ஓவியரானார். பீட்டர்சுபர்க்குக்கு அவர் போகவே இல்லை. ஆனால் மறு ஆண்டு புரூலின் ஓவியத் தொகுப்பை இரண்டாம் காத்தரீன் விலைக்கு வாங்கினார். வரைந்தவருக்குப் பணம் கிடைக்காத ஓவியங்கள், வரைந்தவர் சென்றடையாத நகரைச் சென்றடைந்தன.

1770-இல் விஸ்துலா ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள பிராகாவிலிருந்து வார்சாவைப் பார்த்து ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். டிரெஸ்டன் ஓவியத்தோடு இதனை ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். இங்கே ஆற்றின்மீது பாலம் இல்லை. முன்பு ஒரு நெடிய மரப்பாலம் இருந்தது. 1603-இல் ஆற்றில் உருண்டுவந்த பனிப்பாளங்கள் அதனை உடைத்துக் கொண்டுபோயின. அதன்பின் நிலையான பாலம் அமைய 1864 வரை ஆயிற்று. ஆகவே ஓவியத்தில் அகன்ற நீர்ப்பரப்பும் படகுகளும் மட்டும் இருக்க, அக்கரையில் நகரம் மேட்டின்மேல் நிற்கிறது.

அவ்வாண்டே மகன் லொரென்சோ இறந்தார். தந்தையிடமே தொழில் கற்று, தந்தையின் ஓவியங்களில் கைகொடுத்து உதவிய மகன் அவர். அதன்பின்னும் பத்தாண்டுகள் பெல்லோட்டோ வரைந்தார். வார்சாவின் தெருக்கள், தேவாலயங்கள், மாளிகைகள் என்று மொத்தம் 26 காட்சிகள் உருவாயின. இவை டிரெஸ்டன் ஓவியங்களினும் உயிர்ப்புடையவை. தெருக்களில் மனிதர் பெருகிவிட்டனர். நீண்ட அங்கியும் இடைக்கச்சையும் அணிந்த போலந்துப் பெருமக்கள், பிரெஞ்சுப் பாணியில் உடுத்தியோர், யூத வணிகர், துறவியர், கூடைக்காரப் பெண்கள், இரவலர், நாய்கள் என்று தெரு நிறைந்திருக்கிறது. பளிங்கு மாளிகையை ஒட்டியே சாய்ந்த மரக்குடிசையும் நிற்கிறது. இரண்டும் அருகருகே நின்றன. ஆகவே இரண்டும் ஓவியத்தில் உள்ளன. 1772-இல் அண்டை வல்லரசுகள் மூன்று போலந்தின் ஒரு பகுதியைப் பங்கிட்டுக்கொண்ட பின்னரும் இவ்வேலை நிற்கவில்லை. அரசர் இவ்வோவியங்களை அரண்மனையில் ஒரு தனி அறையில் மாட்டிவைத்தார். அவ்வறைக்குக் கனலெட்டோ கூடம் என்று பெயர்.

1780-இல் பெல்லோட்டோ வார்சாவில் காலமானார். மியோதோவா தெருவிலுள்ள கப்பூச்சின் தேவாலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

ஓவியங்களைத் தேடிச் சென்ற நகரங்கள்

அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளில் போலந்து என்னும் நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 1830-இல் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்கியபின் இரசியப் பேரரசர் முதலாம் நிக்கொலாசு வார்சா ஓவியங்களைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். முதல் உலகப்போருக்குப்பின் மீண்டும் விடுதலை பெற்ற போலந்து, 1921-ஆம் ஆண்டின் ரீகா உடன்படிக்கையின்படி அவற்றைத் திரும்பப் பெற்றது. 1939-இல் நாசிப் படை மறுபடியும் எடுத்துச் சென்றது. போர் முடிந்தபின் அவை மறுபடியும் திரும்பின. ஓவியங்கள் திரும்பியபோது அவற்றை மாட்டிவைக்க அரண்மனை இல்லை. அவை காட்டும் தெருக்களும் இல்லை. 1944-இல் வார்சா மக்கள் செய்த எழுச்சியை அடக்கிய செருமானியப் படை, வீடு வீடாகத் தீவைத்தும் வெடிவைத்தும் நகரைத் தரைமட்டமாக்கியிருந்தது. அரண்மனையும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நகரின் தொன்மையான பகுதியில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்ட அளவு அழிந்தது.

டிரெஸ்டனும் தப்பவில்லை. 1945 பிப்ரவரியில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அது எரிந்தது. பிரவுன்கிர்க்கெயின் குவிமாடம் இடிந்து விழுந்தது. பெல்லோட்டோ வரைந்த அகஸ்டஸ் பாலத்தின் கதையும் துன்பம் நிறைந்தது. 1813-இல் பின்வாங்கிய பிரெஞ்சுப் படை அதன் ஒரு பகுதியைத் தகர்த்தது. செப்பனிடப்பட்ட அப்பாலம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகற்றப்பட்டு, அங்கே புதிய பாலம் எழுந்தது. அந்தப் புதிய பாலத்தையும் 1945-இல் செருமானியப் படையினரே உடைத்தனர். நின்ற பாலம் 1748-இன் ஓவியத்தில் மட்டும் நின்றது.

வார்சாவை அதே இடத்தில் மீண்டும் கட்டுவதென்று போலந்து முடிவு செய்தது. எப்படிக் கட்டுவது என்ற கேள்வி எழுந்தபோது கட்டடக் கலைஞர்கள் கிடைத்த சான்றுகளையெல்லாம் திரட்டினர். அவற்றுள் பெல்லோட்டோவின் ஓவியங்களும் இருந்தன. பழைய நகரம் முழுவதும் அவருடைய ஓவியங்களைப் பார்த்தே கட்டப்பட்டது என்று சொல்லப்படுவதுண்டு, அது மிகை. பழைய சந்தைச் சதுக்கத்து வீடுகளுக்கு, கட்டடக்கலை மாணவர்கள் போருக்குமுன் அளந்து வரைந்த வரைபடங்களே பெரிதும் உதவின. அரசர்கள் ஊர்வலம் சென்ற கிராக்கோவ்ஸ்கி தெரு, மியோதோவா தெரு ஆகியவற்றின் மாளிகைகளையும் வீடுகளையும் எழுப்புவதற்கே பெல்லோட்டோ வழிகாட்டினார். சாளரத்தின் அளவு, கூரையின் சரிவு, சுவரின் அலங்காரம் ஆகியவை ஓவியங்களிலிருந்து கல்லுக்கு வந்தன.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. பெல்லோட்டோ உள்ளதை வரைந்தவர்தாம். ஆயினும் அவர் ஓவியர், நில அளவையாளர் அல்லர். காட்சியின் அமைதிக்காகச் சிற்சில இடங்களில் ஒரு கோபுரத்தை உயர்த்தியிருக்கிறார். ஒரு வெளியை அகலப்படுத்தியிருக்கிறார். திட்டமாக மட்டுமே இருந்த ஒப்பனையைக் கட்டி முடித்ததாகக் காட்டியிருக்கிறார். மறுபுறம், 19-ஆம் நூற்றாண்டில் கூட்டிக் கட்டிய மாடிகள் அவர் படங்களில் இருக்கவியலாது. அவரைப் பின்பற்றிய கட்டடக் கலைஞர்கள் அம்மாடிகளை விட்டுவிட்டனர். ஆகவே இன்றைய கிராக்கோவ்ஸ்கி தெருவில் நடப்பவர் காண்பது 1939-இன் தெருவை அன்று. அதனினும் 1770-களின் தெருவுக்கே அது நெருக்கமானது. இது சரியா என்று கட்டடக்கலை அறிஞர் இன்றும் வினவுகின்றனர். எல்லாம் இழந்த மக்கள், கண்முன் எஞ்சிய நம்பத்தக்க சான்றைப் பற்றிக்கொண்டனர் என்பதில் மட்டும் ஐயமில்லை.

வார்சாவின் வரலாற்று நடுப்பகுதியை 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அது பெல்லோட்டோ மறைந்து இருநூறாம் ஆண்டு. அரண்மனை 1971-இல் தொடங்கி மீண்டும் கட்டப்பட்டது. அதில் கனலெட்டோ கூடத்தையும் பழைய இடத்திலேயே அமைத்து ஓவியங்களை மாட்டினர். டிரெஸ்டனின் பிரவுன்கிர்க்கெ, நீண்டகாலம் கற்குவியலாகக் கிடந்தபின், 2005-இல் மீண்டும் எழுந்தது. எல்பெயின் வலக்கரையில், பெல்லோட்டோ அமர்ந்து வரைந்த இடத்தில், இன்று ஒரு வெற்றுச் சட்டத்தை நிறுத்திவைத்திருக்கின்றனர். அதன் வழியே பார்த்தால் பாலமும் குவிமாடமும் கோபுரமும் ஓவியத்தில் உள்ளவாறே தெரிகின்றன. கோபுரத்தில் சாரம் மட்டும் இல்லை.